டிரஸ்ரி தேர்தல்: கதவில் தொங்கிய துண்டுப்பிரசுரமும் மூன்று வாக்குறுதிகளும்

மல்வேர்ன் அம்மா – 2022 செப்டம்பர் 26, இரவு 9:40

வேலை முடிந்து வந்தால் கதவுப் பிடியில் ரப்பர் வளையம் போட்டு ஒரு துண்டுப்பிரசுரம் தொங்குகிறது. எங்கள் வட்டாரத்தில் ரொறன்ரோ பொதுக் கல்விச் சபைக்கு டிரஸ்ரியாக, அதாவது மக்கள் தெரிவு செய்யும் சபை உறுப்பினராக, நிற்கும் ஒரு பெண்ணுடையது. பெயர் போடவில்லை, போட்டால் மட்டுறுத்துநர் வெட்டிவிடுவார். தமிழர் இல்லை, ஆனால் பின்பக்கம் முழுக்கத் தமிழ். மொழிபெயர்ப்பு பரவாயில்லை. ஒரே ஓர் இடத்தில் "பாலியல் கல்வி" என்பது "பால் கல்வி" ஆகிவிட்டது. என் கணவர் வாசித்துவிட்டு, "வந்தால் பால் விலையைக் குறைப்பாவோ?" என்று கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாக்குறுதிகள்.

பாலியல் கல்வியைப் பெற்றோரின் கைக்குத் திருப்பித் தருவாராம். பாடசாலைக்குள் எந்தக் கட்டாயத் தடுப்பூசியும் இருக்காதாம். கலைப் பாடசாலை போன்ற சிறப்புத் திட்டங்களுக்குக் குலுக்கல் முறையில் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்தி, திறமைக்கே இடம் கொடுப்பாராம்.

மூன்றாவதை வாசித்ததும் உடனே வாக்குப் போடலாம் போல இருந்தது. மகள் 8ஆம் வகுப்பு, அடுத்த வருடம் உயர்நிலைப் பாடசாலை. இரண்டாவதை வாசித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. ஒரே ஆள் இரண்டையும் சொன்னால் என்ன செய்வது? உங்கள் வட்டாரத்திலும் இப்படி யாராவது வந்தார்களா?

வடலி – செப்டம்பர் 26, இரவு 10:15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குலுக்கலை நிறுத்துவேன் என்று சொல்ல ஒரு ஆளாவது வந்ததே.

மே மாதம் சபை வாக்கெடுத்து நிறைவேற்றியபோது நாங்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தோம். வெக்ஸ்ஃபோர்ட் கலைப் பாடசாலைக்குப் பிள்ளை ஆடிக் காட்டி, வரைந்து காட்டி இடம் எடுத்த காலம் போய்விட்டது. 2023 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து "விருப்பம்" என்று எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சத்தைக் கணினி குலுக்கிப் போடும். என் பெறாமகள் ஐந்து வயதிலிருந்து பரதம். சனிக்கிழமை எல்லாம் அதற்கே போனது. இனி அவளும், போன வாரம்தான் ஆசைப்பட்ட பிள்ளையும் ஒரே பெட்டிக்குள் இரண்டு துண்டுகள்.

ஊசி, பாலியல் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கோயம்புத்தூர்க்காரி – செப்டம்பர் 26, இரவு 10:52

வடலி அண்ணா, கோபம் புரியுது. ஆனா குலுக்கல் ஏன் வந்தது என்பதையும் சொல்லணும். கலைப் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு 2017இல் வந்தது. வசதியான, வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் அளவுக்கு மீறி இருந்தார்கள். தனியாக வயலின் டீச்சர் வைக்க முடிந்தவர்களின் பிள்ளை ஆடிஷனில் ஜெயிக்கும். அது திறமையா, கட்டின ஃபீஸா? பரதத்துக்கு நீங்களும் ஃபீஸ் கட்டித்தானே அனுப்பினீங்க?

குலுக்கல்தான் மருந்தா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். ஆனா பழைய முறை நம்ம பிள்ளைகளுக்காகச் செய்தது என்று நினைக்க வேண்டாம்.

கணக்கு வாத்தி – செப்டம்பர் 27, காலை 6:20

இரண்டு கல்விச் சபைகளில் பதிலி ஆசிரியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிரஸ்ரிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் வாக்குப் போடுகிறார்கள். மீதிப் பேர் போடுவதே இல்லை.

பாடத்திட்டம் ஒன்ராறியோ மாகாண அரசின் கையில். டிரஸ்ரி அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. பாலியல் கல்வியின் கதையையே பாருங்கள். 1998இல் ஒரு பாடத்திட்டம். 2010இல் மக்கின்ரி புதிதாக ஒன்றைக் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே சுருட்டி வைத்தார். 2015இல் கத்லீன் வின் கொண்டுவந்தார். 2018இல் டக் ஃபோர்ட் வந்து அதைத் தூக்கிவிட்டுப் பழையதற்குப் போனார். 2019இல் அவருடைய அரசே இன்னொன்றை வெளியிட்டது, அதுவும் 2015இல் இருந்ததைப் பெரிதாக மாற்றவில்லை. மூன்று முதல்வர்கள் பட்டபாடு இது. இதில் ஒரு வட்டார டிரஸ்ரி எதைத் "திருப்பித் தரப்" போகிறார்?

தடுப்பூசியும் அப்படித்தான். அது 1982இலிருந்து மாகாணச் சட்டம். நடைமுறைப்படுத்துவது நகரப் பொதுச் சுகாதாரப் பிரிவு. பிள்ளையை இடைநிறுத்தும் உத்தரவு சுகாதார அதிகாரியிடமிருந்து வரும், அதிபர் அதைச் செய்து முடிப்பவர் மட்டும்தான். கோவிட் ஊசியை மாணவர்களின் கட்டாயப் பட்டியலில் மாகாணம் சேர்க்கவே இல்லை. அப்படியென்றால் இந்த அம்மா எதை நிறுத்தப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றில் சபையின் கையில் நேராக இருப்பது குலுக்கல் ஒன்றுதான். அதற்கும் 22 பேரில் 12 பேர் கை தூக்க வேண்டும்.

உருத்திராட்சப் பூனை – செப்டம்பர் 27, காலை 8:03

ஆக மூன்று வாக்குறுதிகளில் இரண்டு நிலாவைப் பிடித்துத் தருவேன், ஒன்று மட்டும் இட்லி.

வடலி – செப்டம்பர் 27, காலை 8:30

இட்லி கிடைத்தால் காணும்.

பனங்கொட்டை – செப்டம்பர் 27, மதியம் 12:44

வாத்தியார் எல்லாவற்றையும் சட்டப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்க்கிறார். அந்தப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பிள்ளைக்கு எதை எந்த வயதில் சொல்வது என்று நான்தானே தீர்மானிக்க வேண்டும்? 2015இல் அந்தப் பாடத்தை எதிர்த்துப் பிள்ளைகளை வீட்டில் மறித்த பெற்றோர் எல்லாரும் முட்டாள்களா? தோர்ன்கிளிஃப் பார்க் பாடசாலையில் வகுப்புகள் பாதி காலியாகக் கிடந்ததே.

மல்வேர்ன் அம்மா – செப்டம்பர் 27, மாலை 7:10

அந்த 2015 எனக்கும் நினைவிருக்கிறது, பனங்கொட்டை. அப்போது மூத்தவன் 1ஆம் வகுப்பு. வைபரில் ஒரு செய்தி வந்தது, ஆறு வயதுப் பிள்ளைக்கு என்னென்னவோ செய்து காட்டப் போகிறார்கள் என்று. நானும் பத்துப் பேருக்கு அனுப்பினேன். பிறகு மகனின் வகுப்பு ஆசிரியையிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். உடல் உறுப்புகளுக்குச் சரியான பெயர் சொல்லிக் கொடுப்பது, யாராவது தொட்டால் வேண்டாம் என்று சொல்வது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாது, "அது" என்றுதான் சொல்வோம். ஏதாவது நடந்தால் பிள்ளை எந்த வார்த்தையில் வந்து சொல்லும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்த வைபர் செய்தியை அனுப்பின பத்துப் பேருக்கும் திருத்தம் அனுப்பினேனா என்று கேட்காதீர்கள்.

கணக்கு வாத்தி – செப்டம்பர் 27, இரவு 8:25

பனங்கொட்டை கேட்ட உரிமை இப்போதும் இருக்கிறது. 2019இலிருந்து 1 முதல் 8ஆம் வகுப்பு வரை அந்தப் பகுதிக்கு மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். பாடசாலை குறைந்தது 20 பாடசாலை நாட்களுக்கு முன் அறிவித்தல் அனுப்ப வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பிள்ளை வகுப்பிலேயே சேராமல் இருக்கலாம், வேறு அறையில் இருக்கலாம், வீட்டுக்கும் கூட்டிப் போகலாம். மதிப்பெண் குறையாது. பாலின அடையாளம் பற்றிய பாடம் 8ஆம் வகுப்பில்தான் வருகிறது, 2015இல் அது 6ஆம் வகுப்பில் இருந்தது.

மூன்று வருடமாக இருக்கும் ஒன்றை "வாங்கித் தருவேன்" என்று சொல்லி ஒருவர் வாக்குக் கேட்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். ஏற்கனவே பரிமாறின இலையில் இன்னொருமுறை சோறு போடுகிறார்.

பனங்கொட்டை – செப்டம்பர் 27, இரவு 9:01

அந்த அறிவித்தல் ஆங்கிலத்தில் வரும். புத்தகப் பைக்குள் வாழைப்பழத்துக்கு அடியில் கிடக்கும். யார் பார்க்கிறார்கள்?

கணக்கு வாத்தி – செப்டம்பர் 27, இரவு 9:09

அது உண்மை. இதைத்தான் அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும். அறிவித்தலைத் தமிழில் அனுப்ப வைப்பது சபையால் முடிகிற காரியம்.

பழைய மருத்துவிச்சி – செப்டம்பர் 28, காலை 10:30

பிள்ளையள், நான் இங்கே வாக்குப் போட முடியாது. இன்னும் சிற்றிசன் எடுக்கவில்லை. என்றாலும் ஊசிக் கதை வந்தபடியால் எழுதுகிறேன். பேத்திதான் தட்டச்சுச் செய்கிறாள்.

ஊரில் குடும்பநல உத்தியோகத்தராக 26 வருடம் வேலை செய்தேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. எங்கள் கிளினிக்கில் ஊசி மருந்தை மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். அதன் திரி கருகினால் மருந்து பழுதாகிவிடும் என்று இரவில் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். மண்ணெண்ணெய் என்ன விலை விற்ற காலம் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். 1995இலிருந்து போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் வெடியை நிறுத்தினார்கள். சமாதானத்துக்கு நிற்காத வெடி சொட்டு மருந்துக்கு நின்றது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். சின்னமுத்தை 2019இல் ஒழித்துவிட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஒரு தாய் என்னிடம் வந்து "கட்டாயமா, மிஸி?" என்று கேட்டதில்லை. "மருந்து வந்திட்டுதா?" என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் குக்கலில் நீலம் பாரித்த பிள்ளையை அவர்கள் பார்த்திருந்தார்கள். இங்கே பிறந்த தாய்மாருக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பு வரவில்லை. ஊசி வேலை செய்ததால் வந்த வசதி அது.

கோயம்புத்தூர்க்காரி – செப்டம்பர் 28, காலை 11:12

அம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன். சின்னமுத்து என்றால் எங்க ஊர்ல தட்டம்மைதானே? குக்கல் என்பது கக்குவான்?

பழைய மருத்துவிச்சி – செப்டம்பர் 28, காலை 11:40

ஓம் பிள்ளை. கூகைக்கட்டு என்றால் உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி. கொப்புளிப்பானுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கோயம்புத்தூர்க்காரி – செப்டம்பர் 28, காலை 11:43

அம்மை. வேப்பிலை கட்டுவோம். இங்கே வேப்பிலைக்கு எங்கே போவேன், ஜெரார்ட் தெரு இந்தியக் கடைகளுக்குத்தான்.

சுதந்திரன் – செப்டம்பர் 28, மாலை 5:18

பாட்டிக் கதை நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் மருந்துக் கொம்பனிகளை யாரும் கேள்வி கேட்கக்கூடாதா? ஊசியால் ஆட்டிசம் வரும் என்று ஒரு டொக்டரே ஆய்வு செய்து எழுதினாரே. போன வருடம் ஊசி போடாத பாடசாலை ஊழியர்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதுதான் ஜனநாயகமா? அந்தப் பெண் ஒருத்திதான் வாய் திறக்கிறாள்.

கணக்கு வாத்தி – செப்டம்பர் 28, மாலை 6:50

அந்த டொக்டர் வேக்ஃபீல்ட். 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதினார். 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் போனது. இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

ஊழியர் விஷயம் வேறு. அது சபையே எடுத்த முடிவு, இந்த மார்ச்சில் அது முடிந்துவிட்டது. அதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் விளங்குகிறது. என்னோடு வேலை செய்த ஒருவரும் அப்படி வீட்டில் இருந்தார்.

மாணவர்களின் கட்டாயப் பட்டியலில் ஒன்பது நோய்கள்: தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), ஏற்புவலி (டெட்டனஸ்), போலியோ, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, குக்கல், மெனிஞ்சைற்றிஸ், 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பான். மனச்சாட்சிப்படி வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரிவின் வகுப்பு ஒன்றில் இருந்து, பிறகு சத்தியக் கடதாசி கொடுக்கலாம். 2017இலிருந்து இந்த நடைமுறை. அந்த நோய் பாடசாலைக்குள் வந்தால் உங்கள் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்வார்கள். எங்கே கட்டாயம் என்று சொல்லுங்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இதில் இல்லை. ஊரில் போட்ட ஊசிக் கார்டைத் தொலைத்துவிட்டோ, இங்கே மஞ்சள் அட்டையில் பதியாமலோ விட்டுவிட்டுக் கடிதம் வந்ததும் பதறுவதில்தான். குடும்ப வைத்தியர் போட்ட ஊசி தானாகப் பொதுச் சுகாதாரத்துக்குப் போகாது. நாம்தான் அறிவிக்க வேண்டும்.

மன்னார்ப் பையன் – செப்டம்பர் 28, இரவு 9:33

ஒரு குறுக்குக் கேள்வி. நாங்கள் கத்தோலிக்கர், வீட்டு வரி கத்தோலிக்கச் சபைக்குப் போகிறது. இந்த அம்மாவுக்கு நான் வாக்குப் போடலாமா?

கணக்கு வாத்தி – செப்டம்பர் 28, இரவு 9:50

முடியாது. உங்களுக்கு வரும் வாக்குச்சீட்டில் கத்தோலிக்கச் சபை வேட்பாளர்கள்தான் இருப்பார்கள். மேயர், நகரசபை எல்லாருக்கும் பொது, டிரஸ்ரி மட்டும் வேறு. வாடகைக்கு இருக்கிறவர்கள் எதையும் பதியாவிட்டால் பொதுச் சபைக்குத்தான் கணக்கு.

மன்னார்ப் பையன் – செப்டம்பர் 28, இரவு 10:20

அப்படியென்றால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன், வாத்தியார் சொன்ன "டிரஸ்ரிக்கு ஊசியில் கை இல்லை" என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஹோல்ரன் கத்தோலிக்கச் சபை பல வருடமாக எச்.பி.வி. ஊசியைத் தன் பாடசாலைக்குள் போட விடவில்லை. மாகாணம் இலவசமாகக் கொடுத்தது, தாதிமார் போடத் தயார், டிரஸ்ரிமார்தான் கதவைச் சாத்தினார்கள். 2013இல் திரும்ப வாக்கெடுத்துத்தான் திறந்தது. கல்கரியிலும் கத்தோலிக்கச் சபை 2008இல் இதையே செய்தது, 2012இல் விட்டுக்கொடுத்தது. அங்கே தங்கச்சி குடும்பம் இருப்பதால் எனக்குத் தெரியும்.

சட்டம் மாகாணத்தின் கையில், சரி. ஆனால் ஊசி போடுகிற அந்த உடற்பயிற்சி மண்டபத்தின் திறப்பு டிரஸ்ரியின் கையில்.

கணக்கு வாத்தி – செப்டம்பர் 28, இரவு 10:41

ஒத்துக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. என் முதல் பதிவில் அந்தப் பந்தி பிழை.

உருத்திராட்சப் பூனை – செப்டம்பர் 28, இரவு 10:44

வாத்தியார் பிழை ஒத்துக்கொண்ட நாளைக் குறித்து வையுங்கள்.

பழைய மருத்துவிச்சி – செப்டம்பர் 29, காலை 9:15

எச்.பி.வி. ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு. இலங்கையில் 2017இலிருந்து 6ஆம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். பாடசாலையை விட்டு வெளியே போட்டால் பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். எங்களுக்கு இது தெரியும், ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டினவர்கள் நாங்கள்.

ஐந்தாம் சந்தி – செப்டம்பர் 29, மாலை 4:02

கியூப் தொழிற்சங்கத்துப் பாடசாலை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வார்களா? பாடசாலை மூடினால் பிள்ளையை யார் பார்ப்பது?

மட்டுறுத்துநர் – செப்டம்பர் 29, மாலை 4:30

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். சுதந்திரன், நீங்கள் ஒட்டின இரண்டு காணொளிகளை நீக்கியிருக்கிறேன். கருத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதினால் இருக்கும்.

மல்வேர்ன் அம்மா – அக்டோபர் 5, இரவு 10:58

நூலகத்தில் வேட்பாளர் சந்திப்பு இருந்தது, போய் வந்தேன். இருபது கதிரை போட்டிருந்தார்கள், நாங்கள் ஒன்பது பேர். டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிப் பெட்டி ஒன்று, யாரும் தொடவில்லை.

நேரில் பார்த்தால் நல்ல மனுசி. சத்தம் போடவில்லை. அவருடைய பேரப்பிள்ளைக்கு விசேட தேவை இருக்கிறதாம், உதவியாளர் கிடைக்காமல் அலைந்த கதையைச் சொன்னபோது கண் கலங்கினார். அதைத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரிகூடப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். அதற்கெல்லாம் ஆட்கள் வாக்குப் போட மாட்டார்கள் என்றார். எனக்கு அந்தப் பதில்தான் இன்னும் காதில் நிற்கிறது.

குலுக்கல்: பிரேரணை கொண்டுவருவேன் என்றார். மற்ற 11 பேர் யார் என்றேன். முதலில் நான் வரவேண்டுமே என்று சிரித்தார். பழைய முறையே திரும்ப வருமா என்று கேட்டால், அதுவும் சரியில்லை, ஏதாவது நடுவில் பார்க்க வேண்டும் என்கிறார். கோயம்புத்தூர்க்காரிக்குப் பிடிக்கும், வடலிக்குப் பிடிக்காது.

பாலியல் கல்வி: விலக்குப் படிவம் இருப்பது அவருக்குத் தெரியும். தமிழில் அனுப்பலாமே என்றேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்.

பிறகு மன்னார்ப் பையன் சொன்னதை அப்படியே கேட்டேன். நீங்கள் வந்தால் 7ஆம் வகுப்பில் போடும் எச்.பி.வி. ஊசிக்குப் பாடசாலை மண்டபத்தைத் திறப்பீர்களா, மூடுவீர்களா? கொஞ்ச நேரம் யோசித்தார். பாடசாலை படிக்கிற இடம், ஊசி வேண்டும் என்றால் பெற்றோர் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போகலாம், தெரிவு அவர்களுடையது என்றார்.

நான் பகல் ஷிப்ட். கணவர் லொறி ஓட்டுகிறார். குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுப்பதற்கு அரை நாள் சம்பளம். அந்த எச்.பி.வி. ஊசியைச் சொந்தக் காசில் வாங்கினால் ஒன்றுக்கே நூறு டாலருக்கு மேல். மூத்தவன் 7ஆம் வகுப்பில் இருந்தபோது கோவிட்டால் பாடசாலைக்குத் தாதிமார் வரவே இல்லை. போடுவோம் போடுவோம் என்று சொல்லியே இரண்டு வருடம் போய்விட்டது. எங்கள் தெருவில் அப்படி விடுபட்ட பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், எல்லாத் தாய்மாரும் பிறந்தநாள் வீடுகளில் இதையே கதைக்கிறார்கள். மண்டபத்தை மூடினால் தெரிவு யாருடையது? பகலில் வீட்டில் இருக்க முடிந்தவர்களுடையது.

இதை அவரிடம் சொன்னேன். யோசித்து மின்னஞ்சல் போடுகிறேன் என்று என் முகவரியை வாங்கினார்.

வடலி – அக்டோபர் 5, இரவு 11:20

சொல்ல விருப்பமில்லை, ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி.

பனங்கொட்டை – அக்டோபர் 6, காலை 7:45

நான் இன்னும் அவருக்குத்தான். ஊசியில் என்னோடு ஒத்துப்போகவில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது. ஆனால் விசேட தேவைக் கதை உண்மை என்றால், அதற்காகவே ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். என் அக்கா மகனும் அப்படித்தான்.

சுதந்திரன் – அக்டோபர் 6, காலை 8:10

கடைசியில் எல்லாரும் ஒரு மண்டபத்துக்காக ஒரு நல்ல வேட்பாளரைத் தோற்கடிக்கிறீர்கள்.

மன்னார்ப் பையன் – அக்டோபர் 6, காலை 8:22

டிரஸ்ரியின் கையில் இருப்பது மண்டபம்தானே, அண்ணா.

கோயம்புத்தூர்க்காரி – அக்டோபர் 12, மாலை 6:35

அக்கா, மின்னஞ்சல் வந்ததா?

மல்வேர்ன் அம்மா – அக்டோபர் 12, இரவு 11:05

நன்கொடை கேட்டு ஒன்று வந்தது.

முன்கூட்டி வாக்களிப்பு 14ஆம் தேதி வரைதான், மறந்துவிடாதீர்கள். தேர்தல் நாள் 24, அன்றைக்குத் தீபாவளி. எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வரிசையில் நிற்க என்னால் முடியாது, நாளைக்கு வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிடப் போகிறேன். வாக்காளர் அட்டை வராதவர்கள் பெயரும் முகவரியும் இருக்கிற ஏதாவது ஒரு அடையாள அட்டையைக் கொண்டு போனால் சரியா, வாத்தியார்?

கணக்கு வாத்தி – அக்டோபர் 13, காலை 6:05

சரி. சாரதி அனுமதிப் பத்திரம் போதும். டிரஸ்ரி பெயர்களும் அதே சீட்டில்தான் இருக்கும், மேயருக்குப் போட்டுவிட்டு அப்படியே கொடுத்துவிடாதீர்கள்.